பதினான்காம் அறையின் பின்கதவு

தேரிமேட்டுப் பல்கலைக்கழகத்தின் பதினான்காம் அறையில், எட்டு வருஷத்துக்கு முன்பு ஆணி அடித்து மேலே நீலப் பெயிண்டும் பூசி மூடிப்போட்ட பின்கதவு திறந்து, இடுப்பில் அலுமினியப் போணியோடு ஓர் ஆப்பிரிக்கப் பெண் உள்ளே வந்தது ஆடி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு. வகுப்பில் அப்போது இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர்கூட அலறவில்லை. அலறுவதற்கு என்ன இருக்கிறது, அவளை உள்ளே வரச் சொன்னதே அவர்கள்தானே.

அன்றைக்கு சுகிர்தபாய் டீச்சர் முதல் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். கிழக்கு ஆப்பிரிக்காவில் சுவாஹிலி மொழி பேசும் கடற்கரையில் யாரும் கதவைத் தட்டுவதில்லை, வாசலுக்கு வெளியே நின்று 'ஹோதி' என்று குரல் கொடுப்பார்கள், உள்ளே இருப்பவர் 'கரிபு', அதாவது வாருங்கள் என்று சொன்ன பிறகுதான் காலெடுத்து உள்ளே வைப்பார்கள், பதில் இல்லையென்றால் இன்னொரு தரம், அதற்கும் இல்லையென்றால் மூன்றாம் தரம், அதற்கு மேல் கூப்பிட மாட்டார்கள், வீட்டில் ஆள் இல்லை என்று எண்ணித் திரும்பிப் போய்விடுவார்கள் என்று சொன்னாள். ஆள் இருந்தும் பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வார்கள் என்று முதல் பெஞ்சு அபிஷா கேட்டாள். எதையும் பாதியில் விடுகிற பெண் இல்லை அவள். அப்படி ஒரு வாசலுக்கு அப்புறம் யாருமே போக மாட்டார்கள், பிள்ளைகளைக்கூட அனுப்ப மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, சுகிர்தபாய் முன்வாசலுக்கு வெளியே போய் நின்று ஹோதி என்றாள், இருபத்து மூன்று பேரும் கரிபு என்றார்கள், உள்ளே வந்து சரியில்லை என்று சொல்லி மறுபடி வெளியே போனாள், மறுபடி ஹோதி, மறுபடி கரிபு, இப்படியே பத்துத் தரம் ஆனது. பதினோராவது தரம் அவள் இன்னும் வெளியே போகவில்லை, கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், ஹோதி என்ற குரல் பின்பக்கமிருந்து வந்தது. பழக்கிவிட்ட வாய் சும்மா இருக்குமா, பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரே குரலில் கரிபு என்றார்கள். கதவு திறந்தது.

ஆணிகள் அடித்த இடத்திலேயே இருந்தன. கதவுக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டிய காம்பவுண்டுச் சுவரும், முந்திரி காய்க்கிற கொல்லாமரமும் இல்லை, வெள்ளை மணல் தெரு ஒன்று இருந்தது, சைக்கிளில் தேங்காய் கட்டிக்கொண்டு ஒருவன் போனான், சுவர் நிழலில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன, கடல்காற்று வந்து பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டியது. வந்தவள் பெயர் ரெஹேமா, ஊர் தான்சானியாவில் மிக்கிந்தானி, தினமும் விடிந்ததும் மண்டாசி என்கிற இனிப்புப் பலகாரம் பொரித்து பஸ் நிறுத்தத்தில் விற்கிறவள். இத்தனை நாளும் வெறும் சுவராகப் பார்த்த இடத்தில் இன்றைக்கு ஒரு கதவு இருந்தது, உள்ளேயிருந்து ஒரு கூட்டமே விடாமல் வாருங்கள் வாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது, இத்தனை பேர் வருந்திக் கூப்பிடும்போது காதில் விழாத மாதிரி நடந்தால் நன்றாகவா இருக்கும் என்றுதான் நின்று குரல் கொடுத்தேன் என்றாள். அவள் பேசியது சுவாஹிலிதான். ஆனால் பதினேழு வயசு வரை அந்த மொழியில் சண்டை போட்டு வளர்ந்த சுகிர்தபாயின் காதில் அது சொந்த ஊர்ப் பேச்சாகத்தான் விழுந்தது, ஆகவே இங்கேயும் அப்படித்தான் எழுதப்படும்.

போணியை டெஸ்கில் இறக்கி வைத்துவிட்டு ரெஹேமா விசாரிக்கத் தொடங்கினாள். ராத்திரி எப்படிப் போயிற்று, விடிந்தது எப்படி, வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி, வேலை எப்படி, இந்த வெயில் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள், சுகிர்தபாய் ஒவ்வொன்றுக்கும் நல்லது என்று சொல்லித் திருப்பி அதையே கேட்டாள், இருபத்து மூன்று பேரும் டென்னிஸ் பார்க்கிறவர்களைப் போல் தலையை இங்கும் அங்கும் திருப்பிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது நிமிஷம் ஆனது. அப்புறம் ஆளுக்கொரு மண்டாசி கொடுத்துவிட்டு, நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லி வந்த வழியே போனாள். கதவு மூடியதும் மணி அடித்தது, பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போனார்கள்.

சுகிர்தபாயின் அப்பா அண்டி ஆபீஸ்காரர், அதாவது முந்திரித் தொழிற்சாலையில் கொட்டை தரம் பிரிக்கிறவர். குமரிப் பக்கத்து அண்டி ஆபீஸ்களுக்குக் கொட்டை பார்த்து வாங்கி அனுப்ப முதலாளி அவரைக் குடும்பத்தோடு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றிவிட்டதால், மகளுக்கு வந்த முதல் மொழி சுவாஹிலி, இரண்டாவதுதான் தமிழ். ஊர் திரும்பி ஆங்கிலத்தில் எம்.ஏ., பிஎச்.டி. எல்லாம் முடித்தவளுக்கு, வெளிநாட்டுப் பயணம் போய்வந்த ஒரு துணைவேந்தர் உற்சாகத்தில் ஆப்பிரிக்கவியல் துறை என்று ஒன்றைத் திறந்துவைத்தபோது வேலை கிடைத்தது. அடுத்து வந்த துணைவேந்தர்கள் அதை வளர்க்கவும் இல்லை, மூடவும் மறந்துபோனார்கள். பதினாலு வருஷமாக அவள் ஒருத்திதான் துறை. பதவியின் பெயர் கௌரவ விரிவுரையாளர். ஒவ்வொரு ஏப்ரலிலும் நிறுத்திவிடுவார்கள், ஜூனில் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள், ஆசிரியர் அறையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி கிடையாது, காலியாக இருப்பதில் உட்கார வேண்டும், உரியவர் வந்தால் எழுந்துகொள்ள வேண்டும். வருகிற மார்ச்சில் அவளுக்கு ஐம்பது வயசு. ஐம்பது முடிந்தால் நிரந்தரம் கிடையாது என்பது விதி. இந்த வருஷம் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது, துறையைப் பற்றிக் குழு நாலு நல்ல வார்த்தை எழுதிவிட்டால் பதிவாளர் மேஜையிலிருக்கும் கோப்பு கையெழுத்தாகிவிடும். பதினாலு வருஷமாக ஜூன் வரும்போதெல்லாம் கூப்பிடுவார்களா என்று காத்துக் கிடந்த ஒருத்திக்கு அதைவிடப் பெரிய ஆசை என்ன இருக்க முடியும். கிடைக்கிற கோவிலுக்கும் சர்ச்சுக்கும் அவள் நேர்ந்துகொண்டது அந்த ஒன்றுக்காகத்தான்.

கதவு திறந்த விஷயத்தைப் பல்கலைக்கழகம் மூன்றே நாளில் செரித்துக்கொண்டது. பதிவாளர் ரவீந்திரதாஸ் கேட்ட முதல் கேள்வி, திறப்பதற்கு முன்அனுமதி வாங்கப்பட்டதா என்பது. இயற்பியல் துறையிலிருந்து இரண்டு பேர் கருவியோடு வந்து அளந்துவிட்டு, ஆய்வுக்கு நிதி கேட்க எந்தப் படிவம் என்று விசாரித்துக்கொண்டு போனார்கள், அப்புறம் வரவில்லை. வாச்மேன் ஞானதாஸ், வருகிறவர்கள் மெயின் கேட் வழியாக வராததால் தனக்குக் கெட்ட பெயர் வரும் என்று முறையிட்டதில், பின்கதவுக்குப் பக்கத்திலேயே ஸ்டூலும் பதிவேடும் போட்டு அவரை உட்காரவைத்தார்கள். எங்கிருந்து வருகிறார், யாரைப் பார்க்க, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். கேண்டீனில் ஆப்பிரிக்க போண்டா என்று ஒன்று போட்டார்கள், அது பழைய போண்டாதான், கொஞ்சம் கருகவிட்டிருப்பார்கள். விடுதிக் காப்பாளர் அம்மாள், அவர்கள் உட்கார்ந்துபோன பெஞ்சைத் தினமும் பினாயில் போட்டுக் கழுவச் சொன்னாள், கேட்டால் சுகாதாரம் என்றாள். மற்றத் துறைப் பிள்ளைகள் செல்பி எடுக்க வந்தார்கள், தலைமுடியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்கள், கேட்காமலும் தொட்டார்கள், வீட்டுப்பக்கம் சிங்கம் வருமா என்று சுகிர்தபாயிடம் மொழிபெயர்க்கச் சொன்னார்கள். சிங்கத்தை நான் டிவியில்தான் பார்த்திருக்கிறேன் என்று ரெஹேமா சொன்னதை யாரும் நம்பவில்லை.

ரெஹேமாவைப் பார்த்து வேறு ஆட்களும் வரத் தொடங்கியிருந்தார்கள். தையல்காரர் ஒருவர், மீன்காரப் பெண்கள் இரண்டு பேர், பள்ளிக்கூட வாத்தியார் செலமானி. எல்லோரும் ஹோதி சொல்லி, கரிபு கேட்டு, அதற்குப் பிறகே வந்தார்கள். வந்தவர்கள் வராந்தாவில் எதிர்ப்பட்ட ஒவ்வொருவரையும் நிறுத்தி வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி, வேலை எப்படி என்று கேட்டார்கள். எதிர்ப்பட்டவர்கள் ஓகே ஓகே என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்கள், பாதிப்பேர் அதுகூடச் சொல்லவில்லை. செலமானி வாத்தியார் நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, இங்கே எல்லார் வீட்டிலும் துக்கமா, ஒருத்தரும் வாய் திறந்து பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்களே என்று நிஜமான கவலையோடு கேட்டார். பரீட்சை சமயம் என்று சுகிர்தபாய் சொல்லி வைத்தாள். ஞானதாஸ் ஒருவர்தான் அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னவர். சுவாஹிலி ஒரு எழுத்துத் தெரியாது, ஆனால் பெண்டாட்டிக்குச் சர்க்கரை கூடியது, மகன் சவுதியிலிருந்து போன் பண்ணாதது, முட்டி வலிக்கு என்ன எண்ணெய் போட்டும் கேட்காதது எல்லாவற்றையும் நின்று விளக்கினார், செலமானி வாத்தியாரும் முழுசாகக் கேட்டுக்கொண்டு தலையாட்டுவார்.

வகுப்பு முடிந்த பிறகு ரெஹேமா கடைசி பெஞ்சில் கால்மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேரும் விலைவாசி, மாமியார், பிள்ளைகளின் படிப்பு என்று எல்லா ஊர்ப் பெண்களும் பேசுவதைத்தான் பேசினார்கள். ஆனால் பதினாலு வருஷத்தில் அந்த வளாகத்துக்குள் ராத்திரி தூங்கினாயா என்று சுகிர்தபாயைக் கேட்ட முதல் ஆள் ரெஹேமாதான். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்தும் இருந்தாள். காலையில் பதினொன்று அடித்ததிலிருந்தே சுகிர்தபாயின் கண் பின்கதவுக்குப் போய்விடும். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயமாகவும் இருந்தது.

புரட்டாசியில், தரமதிப்பீட்டுக்குக் காட்டப் புகைப்படம் வேண்டும் என்பதற்காக ஆப்பிரிக்கக் கலாசார விழா நடத்தும்படி துணைவேந்தர் உத்தரவு போட்டார். ஏற்பாடு மாணவர் மன்றத்துடையது, சுகிர்தபாயை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவள் வேலை சிறப்பு விருந்தினர்களை அழைத்து வருவது மட்டும். ரெஹேமா பெட்டிக்குள் வைத்திருந்த நல்ல துணியை எடுத்து உடுத்து, கைக்கு மருதாணி போட்டுக்கொண்டு வந்தாள். செலமானி வாத்தியார் வெள்ளை அங்கியும் பூவேலைக் குல்லாவுமாக வந்தார். முன்வரிசையில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள், தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்தது. அப்புறம் மேடைக்கு இருபது பையன்கள் வந்தார்கள். உடம்பு முழுக்கக் கறுப்புச் சாயம், உதட்டில் சிவப்பு, இடுப்பில் தென்னங்கீற்று, கழுத்தில் பிளாஸ்டிக் எலும்பு, கையில் அட்டை ஈட்டி. ஹூ ஹா என்று குதித்தார்கள், நடுவில் ஒருவன் வெள்ளைக்காரனாக வந்தான், அவனைப் பானைக்குள் உட்காரவைத்து அடியில் தீ மூட்டுவது போல் காகிதத்தை ஆட்டினார்கள். அரங்கம் கைதட்டி ஓய்ந்தபாடில்லை.

ரெஹேமா பக்கத்தில் சாய்ந்து, இவர்கள் யார் என்று கேட்டாள்.

சுகிர்தபாய் ஒரு நொடி யோசித்தாள். யோசித்துவிட்டு, எங்கள் மலைப்பக்கத்து ஜனங்கள், அவர்களுடைய சாமியாட்டம் என்றாள். ரெஹேமா ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டினாள். உடுத்தத் துணிகூட இல்லையே, அரசாங்கம் ஒன்றும் செய்யாதா என்று கேட்டாள். விருந்தாளி வீட்டில் மரியாதை முக்கியம் என்பதால் செலமானி வாத்தியாரும் அவளும் எழுந்து நின்று கைதட்டினார்கள், அந்தப் புகைப்படம்தான் மறுநாள் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் வந்தது.

பொய் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. மறுநாள் வகுப்பில் ரெஹேமா அந்த மலை ஜனங்களுக்குக் கொடுக்கச் சொல்லி இரண்டு பழைய வேட்டிகளை மடித்துக் கொண்டுவந்திருந்தாள். அபிஷாவுக்கு அப்போது மொழி நன்றாக வந்துவிட்டிருந்தது, எங்கே பேசக் கிடைக்கும் என்று அலைந்துகொண்டிருந்த பெண், ஒரு பிசகும் இல்லாத சுவாஹிலியில், அது மலை ஜனங்கள் இல்லை, நீங்கள்தான் என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. செலமானி வாத்தியார் எழுந்து குல்லாவைச் சரிசெய்துகொண்டு, ஞானதாஸிடம் மட்டும் கைகொடுத்து விடைபெற்றுப் போனார். அவரும் தையல்காரரும் மீன்காரப் பெண்களும் அதன் பிறகு வரவேயில்லை. ரெஹேமா மட்டும் பிள்ளைகள் எல்லாரும் வெளியே போகும் வரை உட்கார்ந்திருந்தாள்.

"நீ பொய் சொன்னது எனக்காகவாக்கும், இல்ல உனக்காகவா?"

"எனக்காகத்தான்," என்றாள் சுகிர்தபாய். "நான் வேல பாக்கிய எடம் இப்பிடின்னு நீ தெரிஞ்சுக்கப்பிடாதுன்னு நெனச்சேன்."

ரெஹேமா வேட்டிகளைத் திரும்ப மடித்தாள். ரொம்ப நேரம் மடித்தாள். அப்புறம் எழுந்து போணியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். எட்டு நாள் வரவில்லை. பிள்ளைகள் தினமும் பதினொன்றேகாலுக்குக் கரிபு கரிபு என்று பின்கதவைப் பார்த்துச் சொல்லி ஓய்ந்தார்கள். ஒன்பதாம் நாள் ஹோதி என்று கேட்டது. வந்தவள் விழாவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, வீடு எப்படி, வேலை எப்படி என்று வழக்கம்போல் ஆரம்பித்தாள், சுகிர்தபாய்தான் மூன்றாவது கேள்விக்கே அழுதுவிட்டாள்.

ஐப்பசி முடியும்போது குழு வரும் தேதி உறுதியாயிற்று, வியாழக்கிழமை. அதற்கு முந்தின வாரமே பதினான்காம் அறைக்குக் கொத்தனார் வந்து பின்கதவை மறைத்துச் செங்கல் சுவர் எழுப்பிப் பூசிவிட்டுப் போனார். பதினொன்றேகாலுக்கு ஹோதி கேட்டது, பிள்ளைகள் கரிபு என்றார்கள், செங்கலும் சிமெண்டும் இருந்தபடியே இருக்க ரெஹேமா உள்ளே வந்து, வீட்டில் மராமத்து வேலையா என்று கேட்டாள். அன்று சாயங்காலம் பதிவாளர் சுகிர்தபாயைக் கூப்பிட்டனுப்பினார். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக உட்காரச் சொன்னார்.

"டீச்சரே, அந்தக் கதவு மேல எனக்கு ஒரு விரோதமும் கெடையாது. ஆனா பாஸ்போர்ட் இல்ல, விசா இல்ல, ஒரு வெளிநாட்டு ஆளு செவுத்துக்குள்ளேர்ந்து வந்தா குழுவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? நீங்க யாரும் பதில் சொன்னாத்தானே அது தொறக்குது?"

"ஆமா சார்."

"அப்ப ஒரு நாள் சொல்லாம இருங்க. ஒரே ஒரு நாள். உங்க கோப்பு இதாக்கும், பாருங்க, மேலயே வச்சிருக்கேன்."

அவள் பார்த்தாள். பச்சை அட்டையில் அவள் பெயர் தட்டச்சில் இருந்தது. சரி சார் என்றாள்.

இதற்கு ஒரு சுலபமான வழி இருந்தது. வியாழக்கிழமை வராதே என்று ரெஹேமாவிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவள் ஏன் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டாள். திங்கட்கிழமை சொல்ல வாயெடுத்தாள், வீட்டுக்கு வந்த ஆளிடம் வராதே என்று எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டாள். இரண்டு மொழியிலும் அவளுக்கு அதைச் சொல்லிப் பழக்கம் இல்லை. செவ்வாய்க்கிழமை, விழாவுக்குப் பிறகு இப்போதுதான் எல்லாம் சரியாகியிருக்கிறது, மறுபடி மனசு நோகுமே என்று விட்டாள். புதன்கிழமை நாலு தரம் வாயெடுத்தாள். கடைசியில் கணக்குப் போட்டாள். குழு பத்து மணிக்கு வருகிறது, பத்தரைக்குள் போய்விடும், ரெஹேமா வருவது பதினொன்றேகாலுக்கு, சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. மதிப்பீட்டுக் குழு சொன்ன நேரத்துக்கு வந்த சரித்திரம் தேரிமேட்டில் கிடையாது என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் அப்படி நினைத்துக்கொண்டாள்.

பத்து மணிக் குழுவுக்கு செண்டை மேளம், ஆரத்தி, சால்வை, இளநீர், துணைவேந்தர் அறையில் முந்திரிப் பருப்பு எல்லாம் முடிந்து, பதினான்காம் அறைக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று பத்து. மூன்று பேர். தலைவர் வடக்கேயிருந்து வந்த பெரியவர், மரியாதையான மனிதர், பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முதல் பாடத்தையே நடத்திக் காட்டுங்கள், அந்த ஜனங்கள் விருந்தாளியை வரவேற்பது பற்றி என்று ஆங்கிலத்தில் கேட்டார். பதிவாளர் சுகிர்தபாயைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் நடத்தினாள். நன்றாகவே நடத்தினாள். விருந்தாளி வாசலில் வந்து நிற்பது வீட்டுக்கு ஒரு கொடுப்பினை என்று அங்குள்ளவர்கள் நினைப்பதைச் சுவாஹிலியில் சொல்லி, ஆங்கிலத்தில் விளக்கி, கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது பின்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஹோதி என்ற குரல் வந்தது.

இருபத்து மூன்று வாய்களும் திறந்தன. சுகிர்தபாய் சாக்பீஸ் பிடித்த கையைத் தூக்கினாள். உள்தேர்வு மதிப்பெண் அந்தக் கையில்தான் இருக்கிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும், அபிஷாவைத் தவிர எல்லா வாய்களும் மூடிக்கொண்டன. அபிஷாவின் வாய் திறந்தபடி இருந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. யாரது என்று தலைவர் கேட்டார். பிளம்பர் சார், டேங்க் வேலை நடக்கிறது என்றார் பதிவாளர். கதவுப் பக்கத்து ஸ்டூலில் ஞானதாஸ் எழுந்து நின்றார், என்ன சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், நாலு மாதமாகக் கேட்கிற ஒரே ஒரு வார்த்தை. பதிவாளர் அவரைப் பார்த்தார். அவர் உட்கார்ந்துவிட்டார்.

குழுவுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று சுகிர்தபாய் குரலை உயர்த்தினாள். விருந்தாளியைக் காக்கவைக்க மாட்டார்கள், பாதிச் சாப்பாட்டில் இருந்தாலும் எழுந்து வந்து அழைப்பார்கள் என்று சுவாஹிலியில் உரக்கச் சொன்னாள். அவளுக்கே தெரிந்தது, இந்த உரத்த குரல் இந்தப் பக்கத்தைவிட அந்தப் பக்கம்தான் தெளிவாகக் கேட்கும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை, நிறுத்தினால் அமைதியில் அடுத்த அழைப்பு அறை முழுக்கக் கேட்டுவிடும்.

"சுகிர்தா, ஹோதி. நானாக்கும்."

அவள் இன்னும் உரக்கப் பேசினாள்.

மூன்றாவது அழைப்பு தாழ்ந்த குரலில் வந்தது. அதில் கோபம் இல்லை. உள்ளே யாருக்கோ உடம்பு சரியில்லை, எழுப்பிவிடக் கூடாது என்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நின்றாள், நிற்பது இங்கே தெரிந்தது. அப்புறம் போணியைத் தூக்குகிற சத்தமும் மணலில் செருப்பு உரசிப் போகிற சத்தமும் கேட்டன. சுகிர்தபாய் கரும்பலகையில் எழுதிய சொற்களைத் தலைவர் நோட்டில் குறித்துக்கொண்டார், பிள்ளைகளின் ஒழுக்கத்தைப் பாராட்டினார், கைகுலுக்கினார். அவர் கையில் சாக்பீஸ் தூள் ஒட்டிக்கொண்டது, பதிவாளர் கைக்குட்டை கொடுத்தார்.

மறுநாள் பதினொன்றேகாலிலிருந்து மணி அடிக்கும் வரை பிள்ளைகள் கரிபு சொன்னார்கள். அதற்கு அடுத்த நாளும் சொன்னார்கள். சுகிர்தபாய் தன் செலவில் கொத்தனாரைக் கூட்டி வந்து செங்கல்லை இடித்து, தச்சனை வைத்து ஆணிகளைப் பிடுங்கிக் கதவைத் திறந்தாள். காம்பவுண்டுச் சுவர் இருந்தது, கொல்லாமரம் இருந்தது, யாரோ போட்ட பிளாஸ்டிக் டம்ளர்கள் கிடந்தன. அவள் அந்தச் சுவரைப் பார்த்து ஹோதி என்று சொல்லிப் பார்த்தாள். ஞானதாஸ் பதிவேட்டின் கடைசி வரியில் வியாழக்கிழமைத் தேதியும் ரெஹேமாவின் பெயரும் எழுதி, உள்ளே வந்த நேரம் என்ற கட்டத்தைக் காலியாகவே விட்டு, புத்தகத்தை ஆபீசில் ஒப்படைத்தார். யாரும் எதையும் கேட்கவில்லை. ஒரு தொந்தரவு ஒழிந்தது என்று விடுதிக் காப்பாளர் சொன்னதாகக் கேள்வி. கேண்டீனில் ஆப்பிரிக்க போண்டா இன்றைக்கும் அதே பெயரில்தான் விற்கிறது.

பல்கலைக்கழகத்துக்கு உயர்ந்த தரம் கிடைத்தது. ஆப்பிரிக்கவியல் துறை அயல் பண்பாட்டை ஏட்டளவில் நிறுத்தாமல் வாழ்ந்து கற்பிக்கிறது என்று அறிக்கையில் தனியாக எழுதியிருந்தார்கள். மார்கழி முதல் வாரம் நிரந்தர ஆணை வந்தது. ஆசிரியர் அறையில் பெயர் எழுதிய நாற்காலி போட்டார்கள், லட்டு கொடுத்தாள், எல்லாரும் கைகொடுத்தார்கள், வீட்டில் மாமியார் முதல் தடவையாக அவளுக்கு முன்னால் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவள் குடித்தாள். ராத்திரி எப்படிப் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

பருவத்தேர்வு விடைத்தாள்கள் வந்தன. எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. ஏழாவது கேள்வி, ஹோதி சொல்லும் வழக்கத்தைச் சுவாஹிலியில் விளக்குக, ஐந்து மதிப்பெண். இருபத்திரண்டு பேர் பாடத்தில் இருந்ததை எழுதியிருந்தார்கள். கடைசித் தாளில் இப்படி இருந்தது: வந்தவர் வெளியே நின்று மூன்று முறை அழைப்பார். பதில் வராவிட்டால் வீட்டில் ஆள் இல்லை என்று எண்ணித் திரும்பிப் போவார். வீட்டில் ஆள் இருந்தும் பதில் சொல்லாமல் இருப்பது எப்படி என்பதை ஆசிரியை எங்களை வைத்தே வகுப்பில் செய்து காட்டினார். நாங்கள் இருபத்து மூன்று பேரும் அதைச் சரியாகச் செய்தோம்.

சுகிர்தபாய் சிவப்புப் பேனாவோடு அதை மூன்று தரம் படித்தாள். ஒரு பிழையாவது அகப்படாதா என்று வரி வரியாகத் தேடினாள். பதினாலு வருஷத்தில் அவளிடம் படித்த எந்தப் பிள்ளையும் இவ்வளவு சுத்தமான சுவாஹிலி எழுதியதில்லை. ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டு, எட்டாவது கேள்விக்காகப் பக்கத்தைத் திருப்பினாள்.